சாவடிக்காரரும் இரண்டு தெனாரியங்களும்

நல்ல சமாரியர் உவமையைப் பற்றி மறையுரை ஆற்றாத குரு ஒருவரும் இரார். அருள்பொழிவு பெற்ற நாள்தொட்டு நாமும் அதனை எத்தனை முறை விளக்கியிருப்போமோ, கணக்கில்லை. குருவும் லேவியரும் விலகிச் சென்றதைச் சொல்லி நம்மை நாமே குத்திக்கொள்வோம். சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டியதைச் சொல்லி மக்களைத் தூண்டுவோம். ஆனால் அக்கதையில் இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. அவர் சாவடிக்காரர். அடிபட்டவரை அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சமாரியர் மறுநாள் புறப்பட்டுப் போகிறார். அதன்பின் காயத்தைக் கழுவியவரும், கஞ்சி கொடுத்தவரும், நள்ளிரவில் முனகல் கேட்டு எழுந்து வந்தவரும் அந்தச் சாவடிக்காரரோ அவருடைய ஆட்களோ ஆகத்தான் இருக்க வேண்டும். அதற்கெனச் சமாரியர் இரண்டு தெனாரியங்கள் கொடுத்தார். மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உவமையின்படி ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. ஆக, இரண்டு நாள் கூலியை முன்கூட்டியே எண்ணி வைத்துவிட்டு, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்துச் சென்றார் அவர். 'நான் இவ்வளவு செய்தேனே, நீரும் புண்ணியத்துக்குச் செய்யும்' என்று சொல்லவில்லை.

இந்த இரண்டு தெனாரியங்களை நமக்குச் சுட்டிக்காட்டியவர் விவிலிய அறிஞர் எவருமல்லர். அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருந்த ஒரு துப்புரவுப் பணிப்பெண்.

நாம் முன்பு பணியாற்றிய பங்கிலிருந்து அந்த மருத்துவமனைக்குக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். 2015 ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், மக்கள் ஒறுத்துச் சேமித்த உண்டியல் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்தது. அப்போது மரியாயின் சேனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 'பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதைவிட நாமே போய் நின்றால் என்ன?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் தொடங்கியதுதான் எல்லாம். வின்சென்ட் தே பவுல் சபையினர், அன்பியங்களின் பொறுப்பாளர்கள், இளைஞர் சிலர் எனப் 18 பேர் முன்வந்தனர். கண்காணிப்பாளரின் அனுமதியைப் பெற்று, வாரத்தில் மூன்று நாள் முறைவைத்துப் போகலாயினர்.

அரசு மருத்துவமனையை அறிந்தோர்க்கு அங்கே என்ன வேலை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பேருந்தேறி வந்த கிராமத்துப் பெரியவருக்கு ஓ.பி. சீட்டு எங்கே தருவார்கள் என்று தெரியாது. சீட்டு வாங்கியபின் எந்த அறை என்று தெரியாது. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை, காப்பீட்டு அட்டைக்கு இன்னொரு வரிசை. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு ஒரு படிவமே மலையாகும். உள்நோயாளர் பகுதியிலோ துணையாள் இல்லாதவர் நிலைமை சொல்லுந்தரமன்று. பெற்ற பிள்ளைகள் கேரளத்திலோ கோவையிலோ கூலி வேலையில் இருக்க, தனியே கிடக்கும் முதியோர் எத்தனை பேர்! நம்மவர் படிவம் எழுதினர், வரிசையில் நின்றனர், கஞ்சி வாங்கிக் கொடுத்தனர். நாளடைவில் தள்ளுவண்டியில் நோயாளரை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோயினர், தட்டுகளைக் கழுவினர், படுக்கை விரிப்பை மாற்றினர். ஆண்டு இறுதியில் பாராட்டுச் சான்றிதழ் ஒன்றும் கிடைத்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பங்கு இல்லத்தின் கூடத்தில் மாட்டினோம். ஞாயிறு அறிவிப்பில் சொன்னோம், மக்கள் கைதட்டினர். அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறு ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் பிற்பகல் அந்தப் பெண் வந்தார். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். நம் சமயத்தவரும் அல்லர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாமி, உங்க ஆளுங்க நல்லவங்க. குறை சொல்ல வரல. எங்க வார்டுல பகல்ல நாலு பேர் இருந்தோம். இப்ப ரெண்டு பேர் போதும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். கோயில் ஆளுங்கதான் வண்டி தள்ளுறாங்களே, தட்டு கழுவுறாங்களே, அப்புறம் என்னங்கிறார். உங்களுக்கு அது புண்ணியம் சாமி. எங்களுக்கு அது கூலி."

வேலையிழந்த இருவரில் அவர் ஒருவர். இன்னொருவர் கணவனை இழந்தவராம், இரண்டு பிள்ளைகளாம். அவர் பேசிக்கொண்டிருந்தபோது நம் தலைக்கு மேலே சுவரில் அந்தச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது.

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்பித்த பேராசிரியர்கள், ஒரு செயல் நற்செயலா என்பதை அறிய மூன்றைப் பார்க்க வேண்டும் என்பர்: செய்யப்படுவது என்ன, எந்த நோக்கத்துடன், எத்தகைய சூழ்நிலையில். நம்மவர் செய்தது நல்லது, நோக்கமோ தூயது. சூழ்நிலையை மட்டும் நாம் பார்க்கவில்லை. ஆள் குறைத்தவன் ஒப்பந்தக்காரன், பாவம் அவனுடையது என்று சொல்லி ஒதுங்கிவிடலாம். சொல்லியும் பார்த்தோம். ஆனால் மனம் ஒப்பவில்லை. அவன் கையில் அந்த வாய்ப்பைக் கொண்டுபோய் வைத்தது நம்முடைய அன்புதானே!

திருச்சபையின் வரலாற்றைப் புரட்டினால், அன்புப் பணி இடறி விழுந்து எழுந்து கற்றுக்கொண்ட பாடங்கள் பல கிடைக்கின்றன. 1617 இல் பிரான்சு நாட்டில் ஷாத்தியோன் என்னும் சிற்றூரின் பங்குக் குருவாக இருந்த புனித வின்சென்ட் தே பவுல், ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருந்த வேளையில், ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்றுக் கிடப்பதாகச் செய்தி வந்தது. அவர் மறையுரையில் அதைச் சொன்னார். மாலையில் போய்ப் பார்த்தால், வழியெல்லாம் உணவுடன் மக்கள் கூட்டம்! இன்று உண்டதுபோக மிஞ்சியது நாளை கெட்டுப்போகும், நாளை மறுநாள் அவர்கள் பட்டினி கிடப்பர் என்று கண்டார் அவர். அதனால்தான் முறைவைத்துச் செல்லும் பெண்களின் சபை ஒன்றை அவ்வாண்டே ஏற்படுத்தி, அதற்கு விதிமுறையும் எழுதினார். இதுவரை நாம் அடிக்கடி சொல்லும் கதை. அதன் பிற்பகுதியைச் சொல்வது குறைவு. பாரிசு நகரில் இதே சபையை உயர்குடிப் பெண்களிடையே தொடங்கியபோது, நாளடைவில் அச்சீமாட்டிகள் தாங்கள் போவதற்குப் பதிலாகத் தங்கள் வேலைக்காரிகளை அனுப்பினார்களாம்! புண்ணியம் எசமானிக்கு, உழைப்பு வேலைக்காரிக்கு. நாட்டுப்புறத்து எளிய பெண்களைக் கொண்டு 1633 இல் புனித லூயிஸ் தே மரியாக்குடன் சேர்ந்து அவர் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புனித கமில்லஸ் போர்வீரராகவும் சூதாடியாகவும் திரிந்தவர். காலில் ஆறாத புண்ணோடு உரோமையின் புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வந்து, நோயாளியாகவும் அங்கேயே பணியாளராகவும் இருந்தார். கூலிக்கு அமர்த்தப்பட்டோர் நோயாளரை எப்படிப் புறக்கணித்தனர் என்பதைக் கண்ணால் கண்டார். கூலிக்காகவன்றி அன்புக்காகவே பணிசெய்யும் ஆட்கள் வேண்டும் என்ற எண்ணம் 1582 இல் அவருள்ளத்தில் உதித்தது. அதிலிருந்து நோயாளரின் பணியாளர் சபை பிறந்தது. கூலி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்போர்க்குக் கமில்லசின் வாழ்க்கையே மறுமொழி. அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் வண்டியைத் தொடமாட்டேன் என்று நின்ற ஊழியரை நாமும் கண்டிருக்கிறோம். அவரையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

நம் பங்குகளில் ஏறத்தாழ எங்கும் இருக்கின்ற மரியாயின் சேனை, 1921 இல் டப்ளின் நகரில் தொடங்கியபோது முதன்முதல் ஏற்ற பணி எது என்று சேனையினரையே கேட்டால் எல்லாரும் சொல்வார்களா என்பது ஐயம். ஏழைகளுக்கென்று பொதுப்பணத்தில் நடந்த ஒரு விடுதியின் மருத்துவமனைக்குச் சென்று நோயாளரைச் சந்திப்பதே அப்பணி. சேனையினர் பொருளுதவி செய்யலாகாது என்பது அவர்கள் விதி. கையில் எதுவும் கொண்டுபோகாமல் படுக்கையருகே போய் நிற்பது எளிதன்று. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதபோது நம்மையே கொடுக்க வேண்டியதாகிறது. இந்த விதியை நாம் நெடுநாள் குறைபாடென்று எண்ணியிருந்தோம். இப்போது அப்படி எண்ணவில்லை.

ஆனால் வின்சென்ட், கமில்லஸ் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே பெரியதொரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. அன்று ஏழை நோயாளிக்கு யாரும் கடன்பட்டவர் அல்லர். இரங்கியவர் செய்தார், இரங்காதவர் செய்யவில்லை. இன்றோ மருத்துவம் குடிமகனின் உரிமை என்று அரசுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. இங்கிலாந்தில் 1948 சூலை 5 அன்று தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியது. நம் நாட்டில் 1946 இல் அறிக்கை தந்த போர் குழு, பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று வலியுறுத்தியது. அதே குழு, ஊர்தோறும் 5 முதல் 7 பேர் கொண்ட நலக்குழு அமைய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மக்கள் கைகொடுக்காமல் அரசு மட்டும் ஊரின் உடல்நலத்தைக் காக்க இயலாது என்பதை அன்றே கண்டிருந்தனர். ஆகவே இன்றைய தன்னார்வத் தொண்டர் வெற்றிடத்தில் நிற்பவர் அல்லர்; ஒரு கடமைக்கு அருகில் நிற்பவர். அந்தக் கடமைக்கு அவர் துணையாகவும் இருக்கலாம். கடமைப்பட்டவர் ஒளிந்துகொள்ளும் திரையாகவும் ஆகிவிடலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்த ஆபத்தை முன்னுணர்ந்திருந்தது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965 இல் வெளியிட்ட ஏட்டின் எட்டாம் எண்ணில், நீதியின்படி கொடுக்கவேண்டியதை அன்பளிப்புப் போலக் கொடுக்கலாகாது, முதலில் நீதியின் கோரிக்கைகள் நிறைவேற வேண்டும் என்ற கருத்தைத் தெளிவாகவே வைத்துள்ளது. பணியேற்கும் விழாக்களில் அந்த ஏட்டைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்காட்டிய நினைவில்லை.

'தன்னார்வம்' என்ற சொல்லையே அரசுகள் எப்படிக் கையாண்டுள்ளன என்பதும் கவனிக்கத்தக்கது. 1977 அக்டோபர் 2 அன்று நாட்டின் பல மாநிலங்களில் ஊர் நலப்பணியாளர் திட்டம் தொடங்கியது. ஊருக்கு ஒருவர், மாதம் 50 ரூபாய். சில ஆண்டுகளுக்குள் 'பணியாளர்' என்ற பெயர் 'தன்னார்வலர்' என்று மாற்றப்பட்டது; பின்னர் 'நல வழிகாட்டி' ஆயிற்று. பணியாளர் என்றால் ஊதியம் கேட்பார். தன்னார்வலர் எந்த வாயால் கேட்பது? 2005 இல் வந்த ஆஷா திட்டத்தின் பெண்களும் ஏட்டில் தன்னார்வலரே. கருவுற்ற தாய்மாரைப் பேறுகாலத்துக்கு அழைத்துச் செல்வதும் தடுப்பூசிக்குக் குழந்தைகளைக் கூட்டிச் சேர்ப்பதும் அவர்கள் பணி. நாடெங்கும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். 2022 இல் உலக நலவாழ்வு நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துப் போற்றியது. அவர்களைத் தொழிலாளராகவே கருத வேண்டும் என்று 2013 இல் கூடிய 45 ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்திருந்தது. விருது வந்துவிட்டது, ஊதியத்திற்காக அவர்கள் இன்றும் தெருவில் அமர்ந்து போராட வேண்டியிருக்கிறது. அறுவடை செய்தோரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை இங்கே நினையாதிருக்க முடியுமா?

அரசைக் குறைசொல்லுமுன் நம் வீட்டுக் கதவையும் திறந்து பார்க்க வேண்டும். பங்குகளில் உபதேசியார்க்கும் கோயிற்பிள்ளைக்கும் சமையற்காரர்க்கும் நாம் என்ன கொடுக்கிறோம்? கூடுதலாகக் கேட்டால் 'இது கோயில் வேலை, சேவையாக நினைத்துச் செய்யுங்கள்' என்று சொல்லாத குரு எத்தனை பேர்? நாமே சொல்லியிருக்கிறோம். ஒருவர் தாமாக முன்வந்து தருவதுதான் சேவை. அவர் பையில் நாம் கையை விட்டு எடுத்துக்கொண்டு அதற்குச் சேவை என்று பெயரிட்டால், அதன் உண்மைப் பெயர் வேறு.

இனி, அந்தப் பெண் வந்து சென்ற பிறகு நடந்ததைச் சொல்வோம். அன்று மாலையே அனைவரையும் கூட்டினோம். வண்டி தள்ளுவதையும் தட்டு கழுவுவதையும் அடுத்த நாளிலிருந்து நிறுத்திவிடலாம் என்றோம். அவ்வளவு எளிதாக முடிந்துவிடும் என்று எண்ணியது நம் அறியாமை. இரண்டு வாரம் கழித்து அந்த ஆசிரியை வந்து சொன்னது இது: முதியவர் ஒருவரை ஸ்கேன் எடுக்க வரச்சொல்லியிருந்தார்கள். தள்ளுவண்டி இருந்தது, தள்ள ஆள் இல்லை. இருந்த இரு பெண்களும் வேறு வேலையில் இருந்தனர். நம்மவர் மூவர் அங்கேயே நின்றிருந்தனர். முதியவர் ஒன்றரை மணி நேரம் நடைக்கூடத்தில் கிடந்து, சிறுநீர் கழித்து நனைந்துபோனார். "சாமி, நீதி நீதின்னு சொல்லி நாங்க மூணு பேரும் லேவியரா நின்னோம்" என்றார் ஆசிரியை. அவர் கண் கலங்கியிருந்தது. அதில் கோபமும் இருந்தது.

இதற்கு என்ன விடை சொல்வது? கூலிக்காரப் பெண்ணின் உரிமைக்காக நாம் கையை எடுத்துக்கொண்டபோது, அதற்கு விலை கொடுத்தவர் அந்த முதியவர். வண்டி தள்ளினால் ஓர் ஏழையின் வேலை போகிறது. தள்ளாவிட்டால் இன்னோர் ஏழை நனைந்து கிடக்கிறார். நூல்களில் விடை தேடினோம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 இல் எழுதிய 'கடவுள் அன்பாயிருக்கிறார்' என்னும் சுற்றுமடலில், எவ்வளவு நீதியுள்ள சமுதாயமாயினும் அங்கும் அன்புக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும் என்கிறார். பணி செய்வோர்க்குத் தொழில் திறமை முதலில் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது, உள்ளத்தின் பயிற்சியும் வேண்டும் என்கிறார். உண்மைதான். ஆனால் நனைந்து கிடக்கும் முதியவரின் முன் நின்று அன்பு எது, நீதி எது என்று பிரித்துக்கொண்டிருக்க முடியாதே!

வழி காட்டியவர் சபையின் பொருளாளர். மளிகைக் கடை வைத்திருப்பவர். "கடனுக்குச் சரக்கு கொடுத்தா நோட்டுல எழுதி வைப்போம் சாமி. இதையும் எழுதி வைப்போமே" என்றார். அப்படியே ஒரு நோட்டுப்புத்தகம் போட்டோம். உடனடித் தேவை உள்ள எந்த நோயாளியையும் விட்டு விலகுவதில்லை. வண்டி தள்ள வேண்டுமானால் தள்ளுவது. ஆனால் அது ஊதியம் பெறும் ஒருவர் செய்திருக்க வேண்டிய வேலையாயின், நாள், நேரம், வார்டு, என்ன வேலை என்பதை அன்றே எழுதுவது. நோயாளியின் பெயர் கூடாது. ஊழியரின் பெயரும் கூடாது. மாத முடிவில் ஒரு படியை நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுப்பது. சமாரியர் சாவடிக்காரரிடம் ஒப்புக்கொண்ட மேற்செலவுக் கணக்கு என்றே நாம் அதனைக் கருதினோம். என்ன, கணக்கைக் கட்டவேண்டியவர் வேறொருவர்.

முதல் மாதம் அலுவலர் முகம் சுளித்தார். தொண்டு செய்ய வந்தவர்கள் ஆள்கணக்கு எடுக்க வந்தவர்களாகிவிட்டார்களே என்றார். செவிலியர் சிலர் பேசுவதையே குறைத்துக்கொண்டனர். அவர்களையும் குற்றம் சொல்ல மாட்டோம், மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடத்தில் நோட்டுப்புத்தகத்துடன் ஒருவர் நின்றால் அச்சம் வராதா? நம்மவரிலும் நால்வர் விலகினர். 'தருமம் செய்ய வந்தோம், சண்டை போட அல்ல' என்பது அவர்கள் கருத்து. அவர்கள் நல்லவர்கள். கருத்தில் மட்டும் நாம் உடன்படவில்லை. நோயாளியருகே வாரத்திற்கு மூன்று நாள் நிற்பவர் காண்பதை, மேசையில் அமர்ந்திருப்பவர் காண்பதில்லை. கண்டதைச் சொல்லாமல் இருப்பதும் ஒருவகையில் விலகிப் போவதுதானே?

தொண்டரை எப்படி வளர்ப்பது என்று கேட்போர் பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் கேட்கின்றனர். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது இங்கிலாந்தின் நலவாழ்வுப் பணி இரண்டரை இலட்சம் தொண்டர் வேண்டும் என்று அழைத்தது. சில நாள்களிலேயே ஏழரை இலட்சம் பேர் பெயர் கொடுத்தனர். மனித உள்ளத்தின் நன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ! ஆனால் அவர்களுள் பலருக்கு வாரக்கணக்கில் வேலையே வரவில்லை. ஷாத்தியோனில் மிஞ்சிக் கெட்டுப்போகவிருந்த உணவைப் போன்றதே இதுவும். கேரளத்தில் வேறு வழியைக் கண்டனர். 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்து ஊர்களுக்குப் பரவியது. வாரத்திற்கு 2 மணி நேரமேனும் தர இயன்றவரைச் சேர்த்து, 16 மணி நேரம் வகுப்பும் அதன்பின் செவிலியருடன் சென்று நேரில் பயிற்சியும் கொடுத்தனர். புண்ணைக் கட்டுவதும் மருந்து தருவதும் ஊதியம் பெறும் செவிலியரும் மருத்துவரும். அருகிருந்து பேசுவதும், அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பதும் ஊர்த்தொண்டர். 2008 இல் மாநில அரசே இதற்கெனக் கொள்கை ஒன்றை அறிவித்து, ஊராட்சிகள் வழியே செவிலியரை அமர்த்தியது. தொண்டர் வந்ததால் ஊதியப் பணியிடம் குறையவில்லை, கூடியது. நமக்கு இங்கே பிடித்தது இதுதான்.

நாமும் அதைப் பார்த்துச் சில கட்டுப்பாடுகளை எழுதிக்கொண்டோம். ஊசி, மருந்து, சொட்டுக் குழாய், நோயாளியின் கோப்பு ஆகியவற்றைத் தொடுவதில்லை. பணம் கொடுப்பதுமில்லை வாங்குவதுமில்லை. கேளாதவரிடம் செபம் சொல்வதில்லை; செபமாலை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். இவற்றை எல்லாரும் எளிதில் ஏற்றனர். கடினமாக இருந்தது நாவடக்கம். 'பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால், இன்னார் வீட்டுப் பிள்ளை இந்த வார்டில் படுத்திருக்கிறாள்' என்று ஒரு சொல் விழுந்தால் போதும். ஒரு பெண்ணின் திருமணமே நின்றுபோகும். அப்படி ஒரு சொல் விழவும் செய்தது. யார் வாயிலிருந்து என்று தெரிந்தும் நாம் கண்டிக்கத் தயங்கினோம், அவர் நன்கொடையாளர் என்பதால். அந்தத் தயக்கத்திற்காகப் பின்னர் ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிட்டோம்.

நாம் வேறு பங்குக்கு மாற்றலாகி வந்த பின்னர் 2020 வந்தது. தொண்டர் எவரும் மருத்துவமனைகளின் கொரோனா வார்டுகளுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அது சரியான முடிவே. நாமெல்லாம் வீட்டிலிருந்து செபித்தோம். மருத்துவருடனும் செவிலியருடனும் உள்ளே சென்று தரையைத் துடைத்தவர்களும், இறந்தோரின் உடலைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றியவர்களும் அந்த ஒப்பந்தத் துப்புரவாளர்களே. ஓநாய் வரக்கண்டு ஆடுகளை விட்டு ஓடிப்போகும் கூலியாளைப் பற்றி ஆண்டவர் சொன்னதை யோவான் நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம், கூலி வாங்குவோர் அனைவரையுமே நாம் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோமோ என்று இப்போது ஐயுறுகிறோம். அவ்வாண்டு ஓநாய் வந்தது, நாள்கூலிக்காரர்கள் ஓடவில்லை.

நோட்டுப்புத்தகத்தின் கதை முடிந்தபாடில்லை. ஐந்தாம் மாதத்தில் அந்த வார்டுக்கு ஓர் ஆளைத் திரும்ப எடுத்தனர். கணக்கைப் பார்த்து எடுத்தனரா, வேறு காரணமா என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நம்மிடம் வந்து முறையிட்ட பெண்ணே வேலைக்குத் திரும்பினார். தம்முடன் நீக்கப்பட்டவரை முதலில் எடுத்திருக்கலாமே, அவளுக்குத்தான் என்னைவிடத் தேவை அதிகம் என்று அவர் ஆசிரியையிடம் சொன்னாராம். அந்த மற்றொருவரைத் தேடி வின்சென்ட் தே பவுல் சபையினர் அவர் குடியிருந்த தெருவுக்கு இருமுறை சென்றனர். வீடு பூட்டியிருந்தது. பிள்ளைகளை ஊரில் தாயிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கின்றனர். அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சபை ஏற்றுக்கொள்ள முன்வந்து, பக்கத்து வீட்டார் வழியே சொல்லியனுப்பியது. அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை.